குடியேற்ற வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பதும் அவரோடு சேர்ந்து வேலை செய்வதும்

குடியேற்ற விண்ணப்பம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும், மேலே சொல்லப்பட்டவை யாவும் உண்மையானவை, முழுமையானவை என்ற உறுதிமொழி ஒன்று அதன் இறுதிப் பகுதியில் இருக்கும். அதன் கீழே கையெழுத்திட வேண்டியவர் நீங்கள். படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் என்ற முறையில் வழக்கறிஞரும் தனியாக ஒரு கட்டத்தில் கையெழுத்திடக்கூடும் என்றாலும், உள்ளே இருக்கும் தகவல் தவறு என்று தெரியவந்தால் அது விண்ணப்பதாரரின் தலையில்தான் வந்து விடியும். பொய்த் தகவல் தந்ததாகக் கண்டறியப்பட்டால் கனடாவில் 5 ஆண்டுகள் தடை விதிக்கப்படுகிறது. அமெரிக்காவில், முக்கியமான ஒரு விஷயத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னதாக முடிவானால், சிறப்பு விலக்கு கிடைத்தாலொழிய அந்தத் தடை ஆயுளுக்கும் நீடிக்கும். ஆஸ்திரேலியாவின் பல விசா வகைகளில் இது 3 ஆண்டுகள். அடையாளத்தைப் பற்றிய பொய் என்றால் 10 ஆண்டுகள். எனவே வேலையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு வழக்கறிஞரைத் தேடத் தொடங்காதீர்கள். கையெழுத்துக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு வரியையும் உங்களோடு உட்கார்ந்து சரிபார்க்கத் தயாராக இருக்கிறவரைத் தேடுங்கள். கீழே சொல்லப்படும் யோசனைகள் எல்லாம் அந்த ஒரு தேவையிலிருந்து வருபவைதான்.

முதலில், வழக்கறிஞர் தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. சுற்றுலா விசா, சிக்கலில்லாத மாணவர் விசா, ஏற்கெனவே இருக்கும் அனுமதியை அதே நிலையில் புதுப்பிப்பது போன்றவற்றை, அரசு தளத்தில் உள்ள அறிவுறுத்தல்களைப் பொறுமையாகப் படித்துப் பெரும்பாலோர் தாமே செய்துகொள்ள முடியும்.

ஆனால் முன்பு எப்போதாவது விசா மறுக்கப்பட்டிருந்தாலோ, அனுமதித்த நாட்களுக்கு மேல் தங்கியிருந்தாலோ, காவல்துறை வழக்கு ஏதேனும் (தள்ளுபடியாகியிருந்தாலும்) பதிவாகியிருந்தாலோ, விண்ணப்பம் நடுவழியில் இருக்கும்போது மணமுறிவு ஏற்பட்டாலோ, பெற்றோரின் விண்ணப்பத்தில் சேர்ந்துள்ள பிள்ளை வயது வரம்பை (அமெரிக்காவில் 21) நெருங்கிக்கொண்டிருந்தாலோ, புகலிடம் கோர நேர்ந்தாலோ, நாடுகடத்தல் அறிவிப்பு கைக்கு வந்திருந்தாலோ, தாமாகச் செய்துகொள்ளும் யோசனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். குறிப்பாகக் குற்ற வழக்கு விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: பதிவு நீக்கப்பட்டுவிட்டதால் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்பது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தைப் பொறுத்தவரை, மாநில நீதிமன்றம் பதிவை அழித்துவிட்டாலும் தண்டனை பொதுவாக இருப்பதாகவே கருதப்படும். குற்றவியல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தப்படும் அபாயம் உண்டா என்பதைக் கட்சிக்காரருக்கு அவருடைய வழக்கறிஞர் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. அதனால் அங்கே அப்படியொரு வழக்கு நடந்துகொண்டிருந்தால், குற்றவியல் வழக்கறிஞரும் குடியேற்ற வழக்கறிஞரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்ட பிறகே நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உரிமம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்

குடியேற்றத் துறையில் ஆலோசனை சொல்கிறவர்கள் எல்லோரும் வழக்கறிஞர்கள் அல்லர். அல்லாதவர்கள் எல்லோரும் போலிகளும் அல்லர். யாருக்கு அனுமதி உண்டு என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே வரையறுத்திருக்கிறது. அமெரிக்காவில் அரசின் முன் உங்கள் சார்பில் பேச, ஏதேனும் ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞருக்கும், நீதித் துறையின் அங்கீகாரம் பெற்று அங்கீகரிக்கப்பட்ட தொண்டு நிறுவனத்தில் பணிபுரியும் பிரதிநிதிக்கும் உரிமை உண்டு. குடியேற்றச் சட்டம் அங்கே மத்திய அரசின் சட்டம் என்பதால், நீங்கள் இருக்கும் மாநிலத்தில்தான் அவருக்கு உரிமம் இருக்க வேண்டும் என்பதில்லை. தொலைவில் இருக்கும் நல்ல வழக்கறிஞரையும் தாராளமாக அமர்த்திக்கொள்ளலாம். கனடாவில் மாகாண வழக்கறிஞர் சங்க உறுப்பினர்களோடு, குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்ற ஆலோசகர்களும் கட்டணம் வாங்கிக்கொண்டு பணிபுரியலாம். 2021-இல் செயல்படத் தொடங்கிய அந்த அமைப்பின் பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது பாடம் நடத்தும் இடமல்ல, ஆலோசகர்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. பிரிட்டனில் சொலிசிட்டர், பாரிஸ்டர் என்ற இருவகை வழக்கறிஞர்களைத் தவிர, குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவுசெய்த ஆலோசகர்களும் இருக்கிறார்கள். 2025 ஜனவரி வரை அந்த ஆணையம் வேறு பெயரில் இயங்கியது என்பதால் பழைய ஆவணங்களில் பழைய பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே ஆலோசகர்களுக்கு மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலை ஆலோசகர் தீர்ப்பாயத்தில் உங்களுக்காக வாதாட முடியாது. ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடியேற்ற முகவர் ஒவ்வொருவருக்கும் 7 இலக்கப் பதிவு எண் இருக்கும்; 2021 மார்ச் முதல், முழு உரிமம் பெற்ற வழக்கறிஞர்கள் அந்தப் பதிவு இல்லாமலேயே இந்த வேலையைச் செய்யலாம்.

இந்தப் பட்டியல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பெயரைத் தேடிப் பார்த்து, "ஆம், இருக்கிறார்" என்று திருப்தியடைந்துவிடுவது இன்றைய நிலையில் போதாது. உண்மையான வழக்கறிஞர் ஒருவரின் பெயரையும் உரிம எண்ணையும் படத்தையும் எடுத்துக்கொண்டு வாட்ஸ்அப் வழியாக ஆள்பிடிக்கும் மோசடி இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. அதனால் உங்களுக்கு வந்த எண்ணை விட்டுவிட்டு, அதிகாரப்பூர்வப் பட்டியலில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து, "இந்தப் பெயரில் என்னோடு பேசிக்கொண்டிருப்பவர் நீங்கள்தானா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலைதான். உரிமம் தேடும் அதே பக்கத்தில் பெரும்பாலும் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளும் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

சொற்களும் ஏமாற்றும். லத்தீன் அமெரிக்க நாடுகளில் "நோட்டாரியோ" என்றால் சட்டம் படித்துத் தேர்ந்த உயர்நிலைத் தொழிலர். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சான்று தருபவர், அவ்வளவுதான். இந்த ஒரு சொல் வேறுபாட்டை வைத்தே அங்கே எத்தனையோ குடும்பங்கள் ஏமாற்றப்பட்டிருக்கின்றன. கனடாவில் "பேய் ஆலோசகர்" என்று ஒரு சொல்வழக்கு உண்டு: பணம் வாங்கிக்கொள்வார், படிவம் நிரப்புவார், ஆனால் தன் பெயரை எங்கும் எழுத மாட்டார், விண்ணப்பம் நீங்களே செய்ததுபோலத் தெரியும். உங்களுக்கு வேலை செய்பவர் தன் பெயரைப் படிவத்தில் போடத் தயங்கினால், அதற்கு அவர் என்ன காரணம் சொன்னாலும் நம்பாதீர்கள். அவ்விதமே முடிவுக்கு உத்தரவாதம் தருபவர், உள்ளே ஆள் இருப்பதாகச் சொல்பவர், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பவர், அசல் கடவுச்சீட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வதாகச் சொல்பவர், சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லி ரசீது தராதவர் ஆகியோரிடமிருந்து அந்தக் கணமே விலகிவிடுங்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும் முன்

உறவினர்களும் நண்பர்களும் பரிந்துரைக்கும் பெயர்கள் தொடக்கத்துக்கு நல்லவை. ஆனால் மைத்துனருக்கு வேலை விசா வாங்கிக் கொடுத்தவர் உங்கள் புகலிட வழக்குக்கும் பொருத்தமானவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. குடியேற்றச் சட்டத்துக்குள்ளேயே வேலைவாய்ப்பு, குடும்பம், புகலிடம், நாடுகடத்தல் வழக்கு, குடியுரிமை என்று பிரிவுகள் இருக்கின்றன. ஒன்றில் கைதேர்ந்தவர் மற்றொன்றில் கத்துக்குட்டியாக இருக்கலாம். இரண்டு மூன்று பேரையாவது பார்த்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள். ஆலோசனைக் கட்டணம் இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள், ஒரு மறுப்புக்குப் பிறகு செய்ய வேண்டிய செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

அந்தச் சந்திப்புக்கு என்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டால், ஆவணங்களுக்கும் முன்னால் ஒரே ஒரு தாளைச் சொல்வேன். அதில் உங்கள் கதையைத் தேதிவாரியாக எழுதுங்கள்: எந்தத் தேதியில் எந்த விசாவில் எந்த நாட்டுக்குள் நுழைந்தீர்கள், எப்போது வெளியேறினீர்கள், எங்கே வசித்தீர்கள், எங்கே எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வேலை பார்த்தீர்கள் அல்லது படித்தீர்கள், எப்போது எதற்கு விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் வந்தது. நினைவிலிருந்து எழுதாதீர்கள். கடவுச்சீட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, முத்திரையில் உள்ள தேதியைப் பார்த்து எழுதுங்கள். காலாவதியான பழைய கடவுச்சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்தபின் இடையில் கணக்கில் வராத மாதங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை இல்லாமல் வீட்டில் இருந்த மூன்று மாதம், பயணத்தில் கழிந்த ஆறு வாரம் ஆகியவைதான் அதிகாரியின் கண்ணில் முதலில் படுபவை. இந்த ஒரு தாள் கையில் இருந்தால், ஒரு மணி நேரச் சந்திப்பில் நாற்பது நிமிடம் கதை சொல்வதிலேயே கழிந்துபோகாமல், ஆலோசனைக்கு நேரம் மிஞ்சும்.

பெயர் விஷயத்தையும் அப்போதே எடுத்துச் சொல்லிவிடுங்கள். குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் கடவுச்சீட்டில் உள்ளவர்களுக்கு, அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "பெயர் தெரியவில்லை" என்று பொருள்படும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் என ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரிப் பெயர் சேர்ந்து, எல்லாம் ஒரே ஆள்தான் என்று நிறுவுவதே தனி வேலையாகிவிடும். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

"உங்கள் வெற்றி விகிதம் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். அதனால் பெரிய பயனில்லை. எளிதான விண்ணப்பங்களை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு விகிதம் தானாகவே உயரும். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: "என் வழக்கில் உங்களுக்குக் கவலை தருவது எது?" நல்ல வழக்கறிஞர் இதற்குத் திட்டவட்டமான ஒரு பதில் வைத்திருப்பார், உங்கள் தாளில் ஒரு தேதியைச் சுட்டிக்காட்டி, இந்த இடைவெளியைப் பற்றிக் கேட்பார்கள், இதற்கு இன்ன ஆதாரம் வேண்டும் என்று சொல்வார். கவலைப்பட எதுவுமே இல்லை என்று புன்னகையோடு சொல்பவர் உங்கள் தாளைச் சரியாகப் படிக்கவில்லை என்பதே என் அனுபவம்.

அடுத்தது, வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்பது. பெரும்பாலான அலுவலகங்களில் படிவத்தை நிரப்புவதும் ஆவணங்களைத் தொகுப்பதும் உதவியாளர்கள்தான், அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் அனுப்பும் முன் வழக்கறிஞர் தாமே முழுமையாகப் படிப்பாரா, நேர்காணலுக்கோ விசாரணைக்கோ அவரே வருவாரா அல்லது அன்று யார் கையில் வேலை இல்லையோ அவரை அனுப்புவாரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மறுப்பு வந்தால் அடுத்த படி என்ன, மின்னஞ்சலுக்கு எத்தனை நாளில் பதில் வரும், அரசிடமிருந்து வரும் கடிதங்களின் நகல் எனக்கு எப்படி வந்து சேரும் ஆகியவற்றையும் கேளுங்கள். மொழி ஒரு தடையாக இருந்தால் உரைபெயர்ப்பாளர் உண்டா என்று கேட்கத் தயங்காதீர்கள்; பாதி புரிந்த ஒரு கேள்விக்கு "ஆமாம்" என்று தலையாட்டியதால் கெட்டுப்போன விண்ணப்பங்கள் உண்டு.

ஒப்பந்தமும் பணமும்

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். எந்த வேலைக்கு அமர்த்துகிறீர்கள் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். "குடியேற்ற உதவி" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே கட்டணமா, மணிக்கணக்கா என்பதோடு, அந்தக் கட்டணத்தில் எது சேராது என்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். கூடுதல் ஆதாரம் கேட்டு அரசு கடிதம் அனுப்பினால் அதற்குப் பதில் எழுதுவது சேர்ந்ததா, நேர்காணலுக்கு உடன் வருவது சேர்ந்ததா, மேல்முறையீடு சேர்ந்ததா என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மேல்முறையீடு பெரும்பாலும் சேராது, புது ஒப்பந்தம் போட வேண்டியிருக்கும். அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் வேறு, வழக்கறிஞர் கட்டணம் வேறு. இரண்டையும் ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். முன்பணமாகக் கொடுப்பது, அவர் வேலை செய்து ஈட்டும்வரை உங்கள் பணம்தான் என்பதால், பல நாடுகளில் அதைத் தம் சொந்தப் பணத்தோடு கலக்காமல் கட்சிக்காரர்களுக்கான தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பாதியில் விலகினால் மீதி எப்படித் திரும்பும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு, உங்கள் சார்பில் அவர் செயல்படுவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார். அமெரிக்காவில் அது ஜி-28, கனடாவில் ஐ.எம்.எம். 5476, ஆஸ்திரேலியாவில் 956. நம் நீதிமன்றப் பேச்சில் சொன்னால் வக்காலத்துப் போன்றது. கடிதங்கள் யாருக்கு வரும் என்பதை இந்தப் படிவம்தான் தீர்மானிக்கிறது என்பதால், அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

இலவச உதவி பற்றியும் ஒரு சொல். அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் அரசு செலவில் அல்ல. அதனால் கட்டணம் வாங்காத அமைப்புகளின் பட்டியலை அந்த நீதிமன்ற அமைப்பே வெளியிடுகிறது. பிரிட்டனில் புகலிட வழக்குகளுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, அரசின் சட்ட உதவி கிடைக்கும்.

மறைக்காமல் சொல்வது, வரைவை வரிவரியாகப் படிப்பது

வழக்கறிஞரிடம் நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்பது தொழில் விதி. அந்தப் பாதுகாப்பைப் பயன்படுத்திக்கொண்டு, வெட்கப்படும் விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். அரசு விரல்ரேகை எடுக்கிறது, பழைய விண்ணப்பங்களை வைத்திருக்கிறது, சில நாடுகள் தமக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. அதிகாரிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் ஒன்றை உங்கள் வழக்கறிஞர் மட்டும் அறியாமல் இருப்பது உங்களுக்கு நல்லதல்ல.

இதை நான் சொந்த அனுபவத்தில்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் என் விண்ணப்பத்தின் வரைவு மின்னஞ்சலில் வந்தது; வெள்ளிக்கிழமை மாலை, திங்கட்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். முப்பது பக்கத்துக்கு மேல் இருந்தது. என் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சரியாக இருந்ததால் மீதியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். என் மனைவிதான் அருகில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். "எந்த நாட்டிலாவது உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதுண்டா?" என்ற கேள்விக்கு நேராக "இல்லை" என்ற கட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. மாணவனாக இருந்த காலத்தில் வேறொரு நாட்டின் விசா எனக்கு மறுக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் அலுவலகம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அது வேறு நாடுதானே என்று நானும் சொல்லவில்லை. பழைய மாதிரிப் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று முன்கூட்டியே நிரப்பியிருந்ததாகப் பிறகு தெரிந்தது. மறுப்பைச் சொல்லி இரண்டு வரி விளக்கத்தோடு அனுப்பினோம், ஒரு சிக்கலும் வரவில்லை. அப்படியே கையெழுத்திட்டு அனுப்பியிருந்தால், மறுப்பு ஒரு பொருட்டாக இருந்திருக்காது, மறைத்தது பொருட்டாகியிருக்கும்.

அதனால் வரைவு வந்ததும் ஆம்-இல்லை கேள்விகளை முதலில் படியுங்கள். முன்பு செய்த விண்ணப்பத்தின் நகலை அருகில் வைத்துக்கொண்டு, தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேலையை விட்ட மாதம் படிவத்தில் மார்ச் என்றும் அனுபவச் சான்றிதழில் மே என்றும் இருந்தால், எது சரி என்று வழக்கறிஞருக்குத் தெரிய வழியில்லை, உங்களுக்குத்தான் தெரியும். திருத்தங்களைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள்; திருத்திய வரைவை மறுபடியும் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். இறுதியாக அனுப்பிய முழுத் தொகுப்பின் நகல், அரசு தந்த ரசீது எண் இரண்டும் அன்றே உங்கள் கையில் இருக்க வேண்டும். ரசீது எண் இருந்தால் நிலவரத்தை நீங்களே அரசு தளத்தில் பார்த்துக்கொள்ளலாம், வாரம் ஒருமுறை வழக்கறிஞரை அழைத்து "ஏதாவது தகவல் உண்டா?" என்று கேட்கத் தேவையிராது. பொதுவாகவே, கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரே மின்னஞ்சலில் எண்ணிட்டு அனுப்பினால் பதில் விரைவாக வரும்.

காலக்கெடுக்களை உங்கள் நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதத்துக்கு விதிப்படி அதிகபட்சம் 84 நாட்களே தரப்படும், நீட்டிப்புக் கிடையாது. அங்கே புகலிடம் கோருபவர், சில விதிவிலக்குகள் தவிர, வந்து சேர்ந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே முகவரி மாறினால் 10 நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞருக்குச் சொன்னால் அரசுக்குச் சொன்னதாகாது. பிரிட்டனில் மேல்முறையீட்டு உரிமை இருந்தால் உள்ளே இருப்பவருக்கு 14 நாள், வெளியே இருப்பவருக்கு 28 நாள். கனடாவில் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாட உள்ளே எடுக்கப்பட்ட முடிவுக்கு 15 நாள், வெளியே எடுக்கப்பட்டதற்கு 60 நாள். பயணம் போகும் முன்பும், வேலை மாறும் முன்பும், திருமணத்துக்கு முன்பும் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனால், சில வகைகளில் விண்ணப்பத்தையே கைவிட்டதாகக் கருதிவிடுவார்கள்.

நிறுவனம் வைத்துத் தரும் வழக்கறிஞர்

அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கும், வேலைவழி கிரீன் கார்டுக்கு (நிரந்தர வசிப்புரிமைக்கு) விண்ணப்பிப்பவர்களுக்கும் வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே பெரும்பாலும் கிடைப்பதில்லை. நிறுவனம் ஒருவரை அமர்த்தியிருக்கும், அவர் நிறுவனத்தையும் உங்களையும் சேர்த்தே பிரதிநிதித்துவம் செய்வார். இங்கே நினைவில் வைத்திருக்க வேண்டியது ஒன்று: இருவரும் கட்சிக்காரர்கள் என்பதால், ஒருவர் சொல்லும் ரகசியத்தை அவர் மற்றவரிடமிருந்து பொதுவாக மறைக்க முடியாது. வேறு வேலை தேடிக்கொண்டிருப்பதாக அவரிடம் சொன்னால் அது மேலாளர் காதுக்குப் போகாது என்று எண்ணிவிட வேண்டாம். அத்தகைய கேள்விகளுக்குச் சொந்தச் செலவில் தனி வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேர ஆலோசனை பெறுவதே பாதுகாப்பு. வேலை போனால் எச்-1பி-இல் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசமே உண்டு. அந்த ஆலோசகரை அதற்குப் பிறகு தேடுவதைவிட, வேலை இருக்கும்போதே அறிந்து வைத்திருப்பது மேல்.

செலவு விஷயத்திலும் விதிகள் உண்டு. கிரீன் கார்டின் முதல் படியான தொழிலாளர் சான்றிதழுக்கு ஆகும் வழக்கறிஞர் கட்டணத்தை நிறுவனமே ஏற்க வேண்டும், ஊழியரிடம் திரும்ப வசூலிக்கக் கூடாது என்பது 2007 முதல் நடப்பில் உள்ள விதி. எச்-1பி மனுவுக்கான வழக்கறிஞர் கட்டணமும் நிறுவனத்தின் செலவாகவே கருதப்படுகிறது. நகல்களைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்: அனுமதி அறிவிப்பான ஐ-797, ஊதியம் முதலிய நிபந்தனைகளை உறுதியளித்து நிறுவனம் எச்-1பி-க்காகத் தாக்கல் செய்யும் தொழில் நிபந்தனை விண்ணப்பம், உங்கள் கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனுவின் ஒப்புதல் ஆகியவற்றின் நகலை வேலையில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். ஐ-140 நிறுவனத்தின் மனு என்பதால் சில நிறுவனங்கள் முழு நகலைத் தர மறுக்கும். அப்போதும் ரசீது எண்ணையும், கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதியையுமாவது எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரியாக வரவில்லை என்றால்

வழக்கறிஞரை மாற்றும் உரிமை எப்போதும் உங்களுக்கு உண்டு. ஆனால் கெடு நெருங்கியிருக்கும்போது கோபத்தில் மாற்றாதீர்கள். புதியவர் பொறுப்பேற்று வக்காலத்துப் படிவத்தை அனுப்பிய பிறகு பழையவரை விடுவியுங்கள். உங்கள் கோப்பைக் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். அவர் இழுத்தடித்தால், அரசிடம் இருக்கும் உங்கள் கோப்பையே நேரடியாகக் கேட்டுப் பெறலாம்: அமெரிக்காவில் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ், பிரிட்டனில் தனிநபர் தகவல் கோரிக்கையாக. கனடாவில் குடிவரவுத் துறையின் கணினி அமைப்பான ஜி.சி.எம்.எஸ்.-இல் அதிகாரி எழுதி வைத்த குறிப்புகளைக்கூடப் பெற முடியும். மறுப்புக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் கடிதத்தைவிட அந்தக் குறிப்புகளில்தான் தெளிவாக இருக்கும்.

வழக்கறிஞரின் பிழையால் வழக்கே தோற்றுப்போனால், அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றத்தில் அதைச் சொல்லி மறுதிறப்புக் கோரலாம். 1988-இல் லொசாடா என்பவரின் வழக்கில் வகுக்கப்பட்ட நடைமுறைப்படி, என்ன ஒப்பந்தம், என்ன பிழை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். பழைய வழக்கறிஞருக்குத் தெரிவித்துப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஒழுங்குமுறை அமைப்பில் புகார் செய்ய வேண்டும், செய்யவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தையும் மின்னஞ்சல்களையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அனுமதி கிடைத்துவிட்டால், அட்டையோ கடிதமோ வந்த அன்றே பெயர், பிறந்த தேதி, வகைக் குறியீடு, காலாவதித் தேதி ஆகியவற்றைச் சரிபார்த்து, பிழை இருந்தால் உடனே தெரிவியுங்கள். அடுத்த கெடு எது, எத்தனை மாதம் வெளிநாட்டில் இருக்கலாம் என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, முழுத் தொகுப்பையும் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். சில ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, நேர்காணல் அதிகாரியின் மேசையில் அந்தத் தொகுப்பு திறந்திருக்கும், அவர் கேட்கும் தேதிகள் அதில் நீங்கள் எழுதிய தேதிகளாகத்தான் இருக்கும்.